எனக்குப் பிடித்த எழுத்தாளர் எழுதாத பக்கம்

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று என்னை யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்தறியாதவன் நான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகன்தான் எழுதுகிறார். ஆனாலும் எனக்கென்று ஒருவர் இருந்தார். இப்போதும் அவர்தான்.

திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடிய மோட்டார்ப் படகில், எங்கள் பேச்சில் லாஞ்சியில், நான் இருபது வருஷத்துக்கு மேல் கயிற்றுக்காரன். இறங்குதுறை ஜெற்றியில் லாஞ்சியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். எங்கள் லாஞ்சியில் ஒரு வழக்கம் இருந்தது. மாரிகாலத்தில் காற்று எழும்பிய நாளில், லாஞ்சியை ஓட்டுகிற தண்டையல், முன்பக்கத்து அணியத்தில் நிற்கிற என்னைத்தான் பார்ப்பார். "என்ன சொல்லுறாய்?" என்பார். நான் ஓம் என்றால் எஞ்சின் இயங்கும். ஏலாது என்றால் அன்றைக்குப் பயணமில்லை. முதலாளியே வந்து நின்றாலும் அதற்குமேல் கதை கிடையாது.

வாசிப்பு நடந்ததும் அதே அணியத்தில்தான். பின்னால் எஞ்சின் சத்தத்தில் பேச்சே கேட்காது. மூதூரிலிருந்து திருகோணமலைப் பட்டணத்துப் புடைவைக்கடை வேலைக்குப் போகிற முஸ்லிம் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், திங்கட்கிழமை தோறும் ஞாயிற்றுப் பத்திரிகையோடு வருவார். கயிற்றுச் சுருளில் குந்திக்கொண்டு தொடர்கதைகளை உரக்க வாசிப்பார். நல்ல குரல். புடைவை விரித்துக்காட்டிப் பழகியவர் அல்லவா, கதையையும் அப்படித்தான் மடிப்பு மடிப்பாக விரிப்பார்.

கேட்கிற எங்களுக்குள் ஆளுக்கொரு எழுத்தாளர். மீன் விற்கப் போகிற அக்காவுக்குத் துப்பறியும் கதை எழுதுகிறவர்.

"அக்கா, உங்கட ஆள் இந்தக் கிழமையும் கள்ளனைப் புடிக்கல்ல" என்பார் நானா.

"புடிக்கமாட்டான். புடிச்சா நீ வாற கிழமை என்னத்த வாசிப்பாய்? அவன் விசயகாரன். நானும் நல்ல மீனை அடியிலதான் வைக்கிறனான்."

சுருட்டுக் கிழவர் ஒருவருக்குக் கவிதை எழுதுகிறவரைப் பிடிக்கும். காரணம் கேட்டால், சுருட்டு அணைவதற்குள் முடிந்துவிடுகிறதே என்பார்.

என்னுடையவர் பட்டணத்துப் பக்கத்து ஆள். எங்கள் குடாவையும் லாஞ்சியையும் வைத்து ஒரு தொடர் எழுதினார். மற்றவர்கள் தோணி என்று எழுதினால் நிலவு இருக்கும், பாட்டு இருக்கும். இவருடைய லாஞ்சியில் டீசல் மணத்தது, கருவாட்டு மூட்டை இருந்தது, அலையில் தலைசுற்றி ஆட்கள் சத்தி எடுத்தார்கள். இந்த மனுசன் எங்களோடு வந்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் அவரிடம் ஒட்டிக்கொண்டது அதற்காக அல்ல.

அதைச் சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தொடர் வருவதற்குச் சில வருஷம் முந்திய ஒரு மாரி. ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தாய் மாட்டு வண்டியில் வந்து மூதூர் ஜெற்றியில் இறங்கினாள். சீலையால் மூடிய பிள்ளை, நல்ல காய்ச்சல். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கடுதாசி வைத்திருந்தாள். பட்டணத்துக்குப் போகிற தரைவழியில் ஆறுகள் பெருகிக் கிடந்தன. லாஞ்சியை விட்டால் வேறு வழியில்லை. உள்ளே இருபதுபேருக்கு மேல் ஏறி இருந்தார்கள். குடாவில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. தண்டையல் என்னைப் பார்த்தார்.

"ஏலாது" என்றேன்.

பின்னேரம் காற்று விழுந்தது. பிள்ளை அதுவரை இருக்கவில்லை. ஜெற்றிக் கொட்டிலுக்குள்ளேயே போய்விட்டது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

தொடரிலும் அப்படி ஒரு தாய் வந்தாள். அப்படி ஒரு காற்று. நானா அந்த இடத்துக்கு வந்தபோது நான் கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தேன். நானா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், இருமினார், பிறகு வாசித்தார். கதையில் கயிற்றுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். லாஞ்சி போனது. பிள்ளை பிழைத்தது.

அன்றைக்குத்தான் அவர் என் எழுத்தாளர் ஆனார். படித்த ஒருவர், என்னைப்போல ஒருவன் அவிழ்த்திருப்பான் என்று நம்புகிறாரே! எத்தனையோ நாள் அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் அவர் பட்டணத்துக்குப் பேச வருகிறார் என்று கேள்விப்பட்டேன். நானாவிடம் போவோமா என்றேன்.

"அங்க என்னத்துக்கு அண்ணன்? படிச்ச ஆக்கள் ஏதோ கதைப்பாங்க. நமக்கு விளங்காது" என்றார்.

நான் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு தனியாகவே போனேன். மண்டபம் நிறைந்த சனம். பிடித்த எழுத்தாளரைப் பற்றி வாசகர்கள் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார்கள். இளம்பிள்ளைகள் நடை, பாத்திரம் என்று என்னென்னவோ சொன்னார்கள். நானும் எழும்பினேன்.

"எனக்கு இந்த ஐயாவைத்தான் பிடிக்கும். இவற்ற கதையில கயிற்றுக்காரன் கயித்தை அவிழ்த்துவிட்டவன். அந்தப் பிள்ளை பிழைச்சது. அதுக்காகத்தான்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்து, அப்படியே நின்றது.

"ஐயா, நான் அப்பிடி எழுதேல்லையே. அவன் ஏலாது எண்டவன். பிள்ளை செத்துப்போச்சு. மூதூரில நடந்த சங்கதி அது. அங்க ஒருத்தர் எனக்குச் சொன்னவர்."

"பெரியவர் வேற ஆரோ எழுதின கதையை இவற்ற தலையில கட்டிப்போட்டார்" என்றது பின்வரிசை. சிரித்தார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"ஐயா என்ன தொழில் செய்யிறீங்கள்?"

"கடல்தொழில்" என்றுவிட்டுக் கதிரையில் குந்திவிட்டேன். என் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வேணுமா என்று கேட்டது நினைவிருக்கிறது.

வெளியே வந்தால் மதிலடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நானா நிற்கிறார்.

"என்ன செய்துவைச்சனீங்கள் நானா?"

"வாசிச்சுக்கொண்டு வரக்குள்ள உங்கட முகத்தப் பார்த்தன் அண்ணன். அதுக்குப் பொறகு எழுத்தப் பார்க்க ஏலாமப் போச்சு."

"மற்ற ஆக்களுக்குத் தெரியுமோ?"

"மீன்கார அக்கா அண்டைக்கே ரகசியமாக் கேட்டவ, புள்ள உண்மையில மௌத்தாகிட்டுதா எண்டு. ஓம், கதையில புள்ள பிழைக்கல்ல எண்டு சொன்னன். எல்லாருக்கும் தெரியும்."

அப்படியானால் ஒரு லாஞ்சி ஆட்கள் முழுவதும் எனக்காக வாயை மூடிக்கொண்டு பயணம் செய்திருக்கிறார்கள். அது எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. நானாவோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. அவர் பின்னால் எஞ்சினடியில் போய் இருந்தார். வாசிப்பும் நின்றது. அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஊமைக் கப்பல்" என்று வைதாள்.

மூன்றாம் கிழமை நானே போய்க் கேட்டேன். "உள்ளதை வாசியுங்கோ."

அந்தப் பக்கத்தை நானா பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார். கதையில், ஏலாது என்று சொல்லுமுன் கயிற்றுக்காரன் ஜெற்றியில் இறங்கி வருகிறான். சீலையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறான். பிறகு திரும்பிப் போய், இரண்டாவது கயிற்றையும் இறுக்கிக் கட்டுகிறான். அவ்வளவுதான். அவனை எழுத்தாளர் பாவி என்றும் எழுதவில்லை, நல்லவன் என்றும் எழுதவில்லை.

இரண்டாவது கயிறு கட்டினது உண்மை. ஆனால் நான் இறங்கிப் போகவில்லை. அணியத்தில் நின்றபடியேதான் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்தால் ஓம் என்றுவிடுவேன் என்ற பயம். எழுத்தாளருக்குச் சொன்ன மூதூர்க்காரர் எனக்காக அதைச் சேர்த்தாரோ, எழுத்தாளர்தான் சேர்த்தாரோ, தெரியாது. நானும் கேட்டுப் பார்க்கவில்லை. நானாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றேன்.