ஷட்டவுன் வாரத்தில் ஒரு படகு

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கடலைப் பற்றித்தான் பேச்சு. அதுவும் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு! எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி காம்பவுண்டுச் சுவர் கண்ணில் படுகிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு, அலை எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசை என்று காலையில் பல் தேய்க்கும் முன்பே செல்போனில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

காரணம் எங்கள் மகள் நித்யா.

இங்கேயே ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்தவள், போன வருஷம் வேலையை உதறிவிட்டு அந்தமானில் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டாள். ஸ்கூபா டைவிங் சொல்லித் தருகிறாள். என் கணவர் கொதித்துப் போனார். “தண்ணிக்குள்ள மீன் காட்டறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்றார். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். அதோடு சரி. அப்பாவும் மகளும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த ஜூனில் ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறேன்... அவராகவே வந்து, “ஷட்டவுன்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாமா?” என்றார். எதனால் இந்த மாற்றம் என்று கேட்கவில்லை. கேட்டு, மனசு மாறிவிட்டால்?

ஷட்டவுன் என்பது வருஷத்துக்கு ஒருமுறை ஃபேக்டரியில் மெஷின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற வாரம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காதுகுத்து, குலதெய்வம், டூர் எல்லாம் அந்த வாரத்தில்தான். அப்போது அந்தமானில் கடல் கொந்தளிக்கிறதே என்று ஃபேக்டரிக்கு என்ன கவலை?

நித்யாவுக்கும் அது ஆஃப் சீசன். டூரிஸ்ட் இல்லை, அவளுக்கு வேலை குறைவு. நல்லதுதான். ஆனால் டூரிஸ்ட் இல்லையென்றால் படகும் இல்லையே! சீசனில் வரிசையாக ஓடுகிற படகுகள் எல்லாம் கரையேறிவிடுமாம். அவள் தீவுக்குப் போக ஒரே ஒரு லாஞ்ச். காற்று பலமாக இருந்தால் அதுவும் கேன்சல்.

என் கணவர் உடனே மாற்று ஏற்பாட்டில் இறங்கினார். அவர் வேலை பார்ப்பது பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில். உதிரிபாகம் செய்து தருகிறவர்களை விரட்டி விரட்டிப் பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. சப்ளையர் முதலில் “முடியாது சார்” என்பார். அதற்கப்புறம்தான் இவர் பேச்சையே ஆரம்பிப்பார். ஓசூர் பக்கத்துச் சானமாவுக் காட்டில் யானை ரோட்டுக்கு வந்து வண்டி நின்றுவிட்டது என்றால் மட்டும் பேசாமல் இருப்பார். வேறு எந்தக் காரணமும் செல்லாது.

அந்தமானில் செல்வம் என்று ஒரு தமிழர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், இவரிடம் மாட்டினார். தினமும் போன்.

“லாஞ்ச் கேன்சல் ஆனா உங்க போட்டு. கன்ஃபர்ம்தானே செல்வம்?”

“அன்னிக்குக் காலைல காத்தைப் பாத்துட்டுதான் சார் சொல்ல முடியும்.”

“அதெல்லாம் வேணாம். எஸ்ஸா, நோவா?”

எனக்கோ கடல் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், படகு கிடைக்காவிட்டால் “பாத்தியா, இதுதான் உம் பொண்ணு போன ஊரு” என்று இவர் திரும்பிவிடுவாரே என்பது. அப்புறம் எந்த ஜென்மத்தில் இவரைக் கிளப்புவது?

பயந்தபடியே ஆயிற்று. நாங்கள் அந்தமானில் போய் இறங்கிய மறுநாள் லாஞ்ச் கேன்சல். அதற்கடுத்த நாளும் கேன்சல். படகுத்துறைப் பக்கத்து லாட்ஜில் மழையைப் பார்த்தபடி கிடந்தோம். மகளுக்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து வாங்கிவந்த செந்தூரா மாம்பழம் பெட்டிக்குள் கனிந்து, அறை முழுக்க வாசனை. அந்த வாசனை ஏற ஏற எனக்குப் படபடப்பும் ஏறியது.

மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. செல்வத்தைத் துறைக்கு வரவழைத்துவிட்டார்.

“இன்னிக்கு வேணாம் சார்.”

“மழைதான் விட்டுருச்சே. ஒரு மணி நேரந்தானே? உங்களை நம்பித்தானே அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கோம்?”

விடவில்லை. கெஞ்சினார், கோபித்தார், மறுபடி கெஞ்சினார். கடைசியில் செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரி சார்... ஏறுங்க” என்றார்.

நான் ஏறவில்லை. மகளைக் காட்டு என்று தினமும் சாமியிடம் அழுதவள் நான். “ஏங்க, வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. செல்வத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த மூஞ்சிய நான் நெறையப் பாத்திருக்கேன்” என்றார் மெதுவாக. “அமுக்கிப் புடிச்சு சரின்னு சொல்ல வெச்சா இப்படித்தான் நிப்பாங்க. அப்படி வர்ற சரக்கு பூரா ரிஜெக்ட்தான் ஆகும்.”

ஃபேக்டரியில் ரிஜெக்ட் ஆனால் திருப்பி அனுப்பலாம். நடுக்கடலில்?

“நீங்க வீட்டுக்குப் போங்க செல்வம்” என்றார்.

நாமெல்லாம் இப்படித்தான், இல்லையா? எதிரில் இருப்பவர் வாயிலிருந்து ஒரு ‘சரி’யைப் பிடுங்கிவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். நித்யாவிடமும் இவர் அப்படி ஒரு ‘சரி’யைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்? அவள் தரவில்லை. அவ்வளவுதான்.

சரி, இனி ஊருக்கு டிக்கெட் போடச் சொல்வார் என்று நான் பையை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். “அவ நம்பரைப் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை மனுஷன். அவள் எடுத்ததும், “அங்க கடல் எப்படிம்மா இருக்கு? நாங்க கிளம்பலாமா, வேணாமா? நீ சொல்லு” என்றார்.

நான் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“இன்னிக்கு வராதீங்கப்பா. அலை பெருசா இருக்கு. நான் சொல்றப்ப கிளம்புங்க.”

“சரிம்மா.”

மறுபேச்சு இல்லை. பிறகு, “சாப்ட்டியா?” என்றார். அவள் அழுதுவிட்டாள். நானும்தான். அப்புறம் அவள் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் சொல்லச் சொல்ல, இவர் “அப்படியா... அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே துறை முழுக்க நடந்தார். போன் என் கைக்குத் திரும்பி வரவேயில்லை.

ஷட்டவுன் முடியப்போகிறதே என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். “லீவு சொல்லிக்கறேன்” என்றார்.

லாஞ்ச் அடுத்த வாரம்தான் கிளம்பியது. யாருக்கு அவசரம்?