மாமனாரின் நாற்காலி இருந்த இடம்

போன வருடம் மழைக்காலம். கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் தெருக் கிளப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதை வாசிப்பார்கள். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் வங்காளி அக்கா என்னையும் கூப்பிட்டார். அவரை நான் தீதி என்றுதான் சொல்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வங்காள மொழி நன்றாகப் பேசுவேன், அவ்வளவுதான். அன்றைக்குப் பேய்களைப் பற்றிய கவிதை என்றதும் என் கணவர் சிரித்தார். "பேய்க் கவிதையா? நீ பாத்ரூம் லைட்டையே அணைக்க மாட்டியே!"

கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்த்து, பூட்டை நாலு தடவை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு.

மிகப் பழைய ஆங்கிலக் கவிதையாம். வங்காளத்தில் மாற்றி வாசித்தார்கள். ஒரு வீட்டில் வாழ்ந்து மறைந்தவர்கள் அந்த வீட்டை விட்டுப் போவதே இல்லை என்கிற மாதிரி போயிற்று. முடிந்த பிறகுதான் தெரிந்தது, வட்டமாக உட்கார்ந்திருந்த எல்லோரும் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினேன். ஆறு. ஒருவர் ஆழ்மனம் என்றார். கல்லூரியில் பாடம் எடுக்கும் ஓர் அம்மா குறியீடு என்றார். ஒன்றும் புரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றால் என் குடை தீதியின் நாற்காலிக்கு அடியில்.

என் முறை வந்தபோது, ஏனோ எங்கள் வீட்டு நடை ஞாபகம் வந்தது. அதைத்தான் சொன்னேன். சமையலறைக்குப் போகும் வழியில் என் மாமனார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அவர் காலில் இடிக்காமல் எல்லோரும் உடம்பைத் திருப்பிச் சுவரோரமாகத்தான் போவோம். அவர் போய் நான்கு வருடமாகிறது. நாற்காலியையும் யாருக்கோ கொடுத்துவிட்டோம். வழி முழுக்கக் காலி.

"ஆனா இன்னிக்கும் அங்க யாரும் நேரா நடக்கறதில்லை. இதுக்குப் பேர் பேயான்னு எனக்குத் தெரியலை" என்று முடித்தேன்.

உளறிவிட்டோம் என்று குடை இருந்த பக்கம் பார்த்தேன்.

"அடக் கடவுளே, பௌதி!" என்று கத்தினார் தீதி. என்னை அவர் அண்ணி முறை சொல்லித்தான் கூப்பிடுவார். "நானும் உங்க வீட்ல சுவரை ஒட்டித்தானே வர்றேன்! அந்த மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லையே!"

உண்மைதான். தீதி எதிர் வீட்டுக்குக் குடிவந்ததே மாமனார் போன பிறகு. என் பின்னாலேயே நடந்து நடந்து அவருக்கும் அது பழகியிருக்கிறது. கூடமே சிரித்தது. அப்புறம் சிரிப்பு அடங்கி, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. கல்லூரி அம்மா, "கவிதையை இன்னொரு தடவை படிங்க, இப்பத்தான் எனக்கே புரியுது" என்றார். இரண்டாவது தடவை ஒரு வரிகூட எனக்கு அந்நியமாக இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "பெரிய பண்டிதைதான் போ" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனவர், அந்த இடத்தில் உடம்பைத் திருப்பினார். பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

இப்போதும் கேஸை மூன்று தடவை பார்க்கிறவள்தான் நான். ஆனால் அத்தனை பெரிய கவிதை எங்கள் வீட்டு நடையில் இருந்தது என்று நினைக்கும்போது, அங்கே சுவரோரமாக ஒதுங்கிப் போகையிலும் என் தலை தானாக நிமிர்கிறது.