அளத்துத் தண்ணீரில் கழுவிய கார்

என் காரில் ஏசி கொஞ்சம் மக்கர் செய்தாலே அப்பா ஞாபகம் வந்துவிடும். மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். 2004இல் பழைய கார் ஒன்று வாங்கி, தினமும் காலையில் அளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட்டு அவரே கழுவுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

அடுத்த கோடையில் ஏசியில் அனல்தான் வந்தது. காரை விற்றவனைத் திட்டிக்கொண்டே கூனிமேட்டு மெக்கானிக் பாயிடம் என்னையும் கூட்டிப் போனார். பாய் பானெட்டைத் திறந்து, முன்பக்கக் கண்டென்சரைத் தடவினார். தகடு உதிர்ந்தது, விரலில் வெள்ளையாக ஒட்டியது.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது அளத்துக்காரர் பழக்கம். அப்பாவும் தொட்டு வைத்துப் பார்த்தார். திட்டு சட்டென்று நின்றது.

"ஓட்டை விழுந்து கேஸ் பூரா போயிடுச்சுங்க. எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" என்றார் பாய்.

அப்பா விரலை வேட்டியில் துடைத்தார். அளத்துத் தண்ணீர் என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேற மாட்டித் தர்றேன். இனிமே நல்ல தண்ணியில கழுவுங்க" என்றார்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, உப்புக்காற்றில் வீடு வந்து சேர்ந்தோம்.

புது கண்டென்சர் மாட்டிய மறுநாள் காலை, அம்மா தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து வைத்திருந்த இரண்டு குடமும் காலி. வாசலில் கார் பளபளவென்று நின்றது. அப்பாவைத்தான் காணோம்.