சந்தனம் பூசிய சங்கிலி

வேதவள்ளி அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் இருந்த வீட்டுக் கூடத்தில் அவள் கணவன் தனபாலன் தோளெலும்பு முறிந்து, கழுத்தில் கட்டிய பட்டையில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அண்ணன் சதாசிவமும் அண்ணி தமயந்தியும் பாட்டனி டவுன்ஸிலிருந்து நலம் விசாரிக்க வந்திருந்தார்கள். விசாரிப்பு எப்போதோ முடிந்து, இப்போது தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

“பொம்பள ஸ்பேனர் புடிச்சா இப்படித்தான் லா ஆகும்!” என்றார் சதாசிவம். “மணல்ல ஓடும்போதே சங்கிலி அறுந்து போச்சி. கழுத்து முறிஞ்சிருந்தா என்னா கதி? நாளைக்கே வாங்க ஆள் வர்றான் தம்பி. அந்த பைக்க தள்ளிவிட்டுரு.”

தனபாலன் தலையாட்டினான். பாவி மனுஷன், தலையாட்டினான்!

வேதவள்ளியின் நெஞ்சில் தீ பற்றியது. அது என்ன வெறும் பைக்கா? ஈப்போவிலிருந்து கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்தவள், பென்ரோஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, வீட்டிலும் வேலையிலும் குரல் உயர்த்தாமல் வாழ்ந்தவள். கூட வேலை பார்த்த ஒருத்தி அவளை மேற்குக் கரையின் கருமணலுக்கு அழைத்துப்போய் பைக்கில் ஏற்றிவிட்டாள். அன்று அலைச் சத்தத்துக்கு மேலே அவள் வாய்விட்டுக் கத்தினாள். ஏன் கத்துகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்த பைக்கை வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கென்று இந்த நாட்டில் இருந்த ஒரே இடம் அந்த மணல்தான்.

மணலுக்கு ஈரப் பிசுக்கு ஆகாது என்பதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். சங்கிலியில் எண்ணெய் சொட்டினால் கருமணல் ஒட்டி அரைத்த விழுதாகும். பற்சக்கரத்தின் இடுக்குகளில் அடைந்து சங்கிலியை இறுக்கும். கடைசியில் பலவீனமான கண்ணியில் அறுத்துவிடும். ஆகவே மணலுக்குப் போவதற்கு முந்தைய நாளே மெழுகுப் பூச்சை மெல்லத் தெளித்துக் காயவிடுவாள். விரலில் ஒட்டாதவரை துணியால் துடைப்பாள். மணல் அடைந்தாலும் இறுகாதபடி சங்கிலியைச் சற்றுத் தளர்த்தி வைப்பாள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவுவாள். பீய்ச்சிக் கழுவினால் மணல் உள்ளே ஏறிவிடும் என்று குழாய்ப் பக்கமே போகமாட்டாள். பெற்ற பிள்ளைக்குத் தலைவாருவதுபோல் அத்தனை பக்குவம். எண்ணெய் மட்டும் வைக்காத பிள்ளை.

அந்தச் சங்கிலியா அறுந்தது? அவள் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை, “ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்” என்று அவன் தனியாக எடுத்துப்போன அன்றா?

யாரிடமும் சொல்லாமல் எழுந்து கராஜுக்குப் போனாள். விழுந்த நாளிலிருந்து பைக் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாயை விலக்கினாள். ஸ்டாண்டில் சுற்றிக் கிடந்த சங்கிலியைத் தூக்கினாள். கையெல்லாம் கரும்பிசின். முகர்ந்தாள்.

நல்லெண்ணெய்!

பற்சக்கரத்தைத் துணியால் துடைத்தாள். கருமணலுக்கு அடியில், ஒவ்வொரு பல்லிலும் சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் ஆயுத பூஜை! அவள் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது கராஜில் மணியடித்துத் தீபம் காட்டியவர் யார்?

பூஜைத் தட்டை எடுத்தாள். அதில் அறுந்த சங்கிலியை வைத்தாள். கூடத்துக்கு வந்து சதாசிவத்தின் முன்னால் நீட்டினாள்.

“எடுத்துக்குங்க மச்சான். உங்க பிரசாதம்.”

வாசம் மூக்கில் ஏறியதும் அவர் முகம் வெளுத்தது. “சாமிக்கு செஞ்சதுமா… வண்டிக்கு நல்லதுன்னு…”

“எண்ணெய் வெளக்குக்கு மச்சான்! மணல்ல ஓடுற சங்கிலிக்கு இல்ல!”

“நா வாங்கி வெச்ச நல்லெண்ணெய்யா அது?” என்று தமயந்தி தலையிலடித்துக்கொண்டாள். “ஒரு பாட்டில் காணோம்னு நா தேடுறேன், இந்த மனுஷன் சங்கிலிய குளிப்பாட்டியிருக்காரு!”

யாரும் சிரிக்கவில்லை. வேதவள்ளி கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பாத்தீங்களா?”

தனபாலன் பட்டையில் தொங்கிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாத்தேன். கெளம்பும்போது தொடைக்கலாம்னு துணிய எடுத்தேன். சாமி எண்ணெய்… கை வர்ல வேதா.”

“அத நா கேக்கல. விழுந்த நாள்லேருந்து எல்லாரும் என்னய ஏசுறாங்களே, அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“அண்ணன் மொகம் வாடிரும்னு…”

“என் மொகம்?”

உயிர் பிழைத்து வந்தானே என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அவனோ அண்ணனின் முகத்துக்காக அவளைப் பலி கொடுத்துவிட்டு, அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

தனபாலன் நல்ல கையால் ஃபோனை எடுத்தான். வாங்க வருவதாக இருந்தவனை அழைத்து, பைக் விற்பனைக்கு இல்லை என்றான். “ஏன் அறுந்துச்சின்னும் சொல்லுங்க,” என்றாள் வேதவள்ளி. அண்ணன் காதுபடவே சொன்னான்: “மை வைஃப்ஸ் வர்க் வாஸ் ஃபைன். இட் வாஸ் அஸ்.”

அடுத்த ஆயுத பூஜையில் சதாசிவம் சந்தனக் கிண்ணத்தோடு கராஜ் வாசலிலேயே நின்று, “எங்க வெக்கட்டும் வேதாம்மா?” என்று கேட்டார். டேங்கைக் காட்டினாள். அவரை அன்றே மன்னித்துவிட்டாள்.

தனபாலனின் எலும்பு அதற்கு வெகுகாலம் முன்பே கூடிவிட்டிருந்தது. ஆனால் மணலுக்குப் புறப்படும் சனிக்கிழமைகளில், சங்கிலியைத் துடைக்க அவன் கையை நீட்டினால், இன்றும் அவள் துணியை அவனிடம் கொடுப்பதில்லை.