முதுகில் கட்டும் கயிறு

தேக்வாண்டோ ஆட்டத்தில் போடும் மார்புக் கவசத்தின் கயிற்றை முதுகில்தான் கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய வீராங்கனையாக இருந்தாலும் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வது கஷ்டம். யாரிடமாவது முதுகைக் காட்டி நிற்க வேண்டும். என் அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, என்னிடம்தான் காட்டுவார். "இறுக்கிக் கட்டு லா, சோறு தின்னியா இல்லியா?" என்று அதட்டுவார். ஓரமெல்லாம் உரிந்துபோன சிவப்புக் கவசம் அது. மலாக்கா மாநிலத்துக்காக விளையாடியவர், கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் விடவில்லை. எனக்கோ கரப்பான் பூச்சியைக் கண்டாலே ஏறி நிற்க நாற்காலி வேண்டும்.

அப்போது எங்கள் புக்கிட் பெருவாங் பக்கம் பைபறிப்பு அதிகமாகிவிட்டது. ஓய்வுபெற்ற போலீஸ்கார அம்மா ஒருவர் சமூக மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தினார். பயந்தாங்கொள்ளியான நான் முதல் ஆளாகச் சேர்ந்தேன். பையைத் தூர எறி, 'தோலோங்' என்று உதவி கேட்டுத் தொண்டை கிழியக் கத்து, கையைப் பிடித்தால் முகத்தில் ஒன்று வைத்துவிட்டு ஓடு. இவ்வளவுதான் பாடம். "அடிச்சிட்டு நின்னு பார்க்காதீங்கம்மா. அவன் எந்திரிச்சானா இல்லையான்னு உங்களுக்கு என்ன?" என்பார் அந்த அம்மா.

இதைக் கேட்டு அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓடுறதுக்கு ஒரு கிளாஸா? நீ என்னைக்காவது அடி வாங்கியிருக்கியா? அடி வாங்காதவளுக்கு அடிக்கத் தெரியுமா?" சும்மா சொல்லக் கூடாது, அதில் நியாயம் இருந்தது. சமையலறையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விடுவித்துக்கொள் பார்க்கலாம் என்றார். வகுப்பில் கற்ற திருகல் எதுவும் பலிக்கவில்லை. அங்கே நாங்கள் ஒருவர் கையை ஒருவர் வலிக்காமல் பிடித்துப் பழகியவர்கள். அண்ணியோ வாரம் தவறாமல் நிஜமாக உதைத்து, நிஜமாகவே உதை வாங்கியவர்.

அந்த நாள்களில்தான் நம்பர் பிளேட் இல்லாத கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் தெருமுனையில் நிற்கத் தொடங்கியது. தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவன் அதில் உட்கார்ந்திருப்பான். அன்றிலிருந்து நான் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன். அண்ணி வழியை மாற்றவில்லை. "வரட்டும் லா, பார்த்துக்கலாம்" என்றார்.

வந்தான். பட்டப்பகல். அண்ணி பாசார் சந்தையிலிருந்து காய்கறியோடு திரும்பிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், அவர்தான் எல்லாவற்றையும் பார்த்தவர். பையைப் பிடித்து இழுத்தவனின் நெஞ்சில் அண்ணி உதைத்தார். அவன் தார்ச் சாலையில் மல்லாந்து விழுந்தான். எங்கள் வீட்டு கேட் திறந்தே கிடந்தது. எட்டி நடந்தால் உள்ளே போய்விடலாம். அண்ணி போகவில்லை. பின்வாங்கி, கைகளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கியபடி நின்றார். போட்டியில் எதிராளி விழுந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். நடுவர் எண்ணி முடிக்கும்வரை தொடக் கூடாது. ஐயோ, அந்தத் தெருவில் எண்ணுவதற்கு யார் இருந்தார்கள்? அவன் எழுந்து, மோட்டாரில் செருகியிருந்த பாராங் கத்தியை உருவினான். "தியா துங்கு, தியா துங்கு," காத்திருந்தாளே, காத்திருந்தாளே என்று மாக்சிக் போலீஸிடமும் எங்களிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அண்ணியின் உயிர் போய்விட்டது. அந்தப் பாவி இன்றுவரை பிடிபடவில்லை. ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பான்.

வருடங்கள் போய்விட்டன. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளப் போட்டி. அதே சிவப்புக் கவசத்தோடு என்னிடம் முதுகைக் காட்டி நின்றாள் அண்ணியின் மகள். "அவ அம்மாவோடது. நான் எப்படி வேணாங்கிறது?" என்கிறான் அண்ணன். கட்டிவிட்டேன். ஆட்டத்தின் நடுவில் அவள் விட்ட உதையில் எதிராளி மல்லாந்து விழுந்தாள். மண்டபமே கைதட்டியது. இவள் பின்வாங்கினாள். கைகளை உயர்த்தினாள். குதிகால் தூக்கியிருந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார்.

"ஓடுடி!"

கத்தியது நான்தான் என்பது எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஜெயித்துவிட்டு வந்தவள், "மானத்த வாங்கிட்டீங்க அத்தை. ஓடுனா எதிராளிக்குப் பாயிண்ட் குடுத்துருவாங்க லா" என்று சிரித்தபடி, அவிழ்க்கச் சொல்லி முதுகைக் காட்டினாள். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.