பின்வாசல் பூக்கள்

"போ அந்தப் பக்கம். உனக்குத்தான் மலை முழுக்கக் கெடக்குல்ல?" ஆட்டைத் திட்டியபடியே சன்னா அக்கா வேலியில் இன்னொரு முள்கிளையைச் செருகுகிறார். தென்னாப்பிரிக்காவின் வறண்ட மூலையான எங்கள் நாமக்வாலாந்தில் ஆட்டை ஓட்டிவிட்டுத்தான் காப்பி குடிப்போம். அவருக்கு வேலியையும் ஒரு சுற்று சுற்றிவந்தால்தான் காப்பி இறங்கும். உள்ளே கோதுமையுமில்லை, பூசணியுமில்லை.

அவர் கணவர் டிர்க், செம்புச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். போன வருஷத்திலிருந்து படுக்கைதான். படுக்கையிலும் தொப்பி உண்டு. விருந்தாளி வந்தால் மட்டும் கழற்றுவார். போன பூக்காலத்தில் முன்ஜன்னலுக்கு வெளியே தரிசு முழுக்கச் செம்மஞ்சள் பூ. ஆனால் இந்தத் தென்கோடியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும்; எங்கள் பூக்களும் வடக்கே, அந்த வெயிலைப் பார்த்துதான் நிற்கும். ஜன்னலும் வடக்கே பார்த்தது. டிர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான்.

"கோவிச்சுக்கிட்ட மச்சினிச்சிங்க மாதிரி நிக்குதுங்கடி," என்றார் அக்காவிடம், இருமிக்கொண்டே. அடுத்த பூக்காலம் வரை தாங்குவாரா என்று அக்கா கேட்டதும், பார்க்க வந்த நர்ஸ் மருந்துப் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

பூ காய்ந்ததும் சன்னா விதைகளை மடியில் வாரிவந்து வைத்தார். மழைக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

"அந்திரீஸ், ஒன் கழுதைங்களையும் கலப்பையையும் குடு. பின்வாசல உழணும்."

"என்னக்கா, ஆட்டுப்புழுக்கை வெதைக்கப் போறியா?"

"கெளறாத மண்ல இந்தப் பூ எட்டிப் பாக்குமா? கழுதையத்தான் கேட்டேன், ஒன் வாயக் கேக்கல."

வீட்டு நிழல் விழாத இடமாகப் பார்த்து உழுது, விதைத்து, ஆடு நுழையாமல் முள்வேலியும் போட்டோம். மழை தாமதித்தது. ஊர் சிரித்தது. சன்னா பாட்டுக்கு டிர்க்கின் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்து, தெற்கே பார்த்த பின்ஜன்னலோரம் போட்டார். மழையும் வந்தது, மொட்டும் வந்தது; கூடவே மேகமும் வந்து கவிந்துகொண்டது. வெயில் இல்லாமல் இந்தப் பூ திறக்காது. டிர்க் பேச்சையே நிறுத்தியிருந்தார். சாப்பாடும் இறங்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் வேலியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

நேற்று மேகம் விலகியது. வெயில் ஏற ஏறப் பின்வாசல் முழுக்கச் செம்மஞ்சளாக விரிந்தது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் ஜன்னலைப் பார்த்து நின்றன. சன்னா நடுவில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"இந்தாய்யா, தூங்கினது போதும். ஒன் மச்சினிச்சிங்க வந்துட்டாங்க பாரு."

டிர்க் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு, கையை மெல்லத் தூக்கி, தொப்பியைக் கழற்றினார்.