வெயிலுக்கு ஒளித்த முகம்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பார்க்கிறவர்கள் நாற்பதுக்கு மேல் சொல்வதில்லை. பூசை முடிந்து கோவிலை விட்டு இறங்கும்போது பெண்கள் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன், இதில் என்ன ரகசியம்? எழுந்ததும் இரண்டு செம்பு தண்ணீர். பத்து மணிக்குக் கொய்யா, இல்லாவிட்டால் பப்பாளி. வாரத்தில் நான்கு நாள் சாளை மீன், பொரிக்காமல் குழம்பாக. சீனி கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே வெயில் படக் கூடாது. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, போகிற வழியில் பேக்கரியில் சீனி மக்ரூன் வாங்கித் தின்பார்கள். புத்திசாலிகள்.

என் வீட்டுக்காரர் தண்டல். மாலத்தீவுக்குக் காய்கறியும் சிமெண்டும் கொண்டுபோகிற தோணியை நடத்துகிறவர். காற்றுக்காலத்தில் தோணி கட்டிக் கிடக்கும், அவர் வீட்டில் இருப்பார். அப்படி ஒரு ஆடி மாதத்தில் என் நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பம் வந்தது. என் படத்தின்மேல் விரலை வைத்து, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்:

“ஏளா, ஒம் மூஞ்சி கருவாடு மாதிரில்லா ஆயிட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முகம் மட்டும் என்ன வாழ்ந்தது? உப்புக்காற்றில் வெடித்த பலகை அது. ஆனால் ஆம்பிளையின் சுருக்கத்தை யார் ஆல்பத்தில் தேடுகிறார்கள்?

அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். காலை எட்டு மணிக்கு மேல் மாடிக்குத் துணி காயப்போடக்கூடப் போவதில்லை. மார்க்கெட்டுக்குக் குடை. நடுவில் அவர் எத்தனையோ தடவை வந்து போனார், முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று நான் பப்பாளியைக் கூட்டினேன்.

தோணி கிளம்பும் நாளில் வீட்டுப் பெண்கள் பீச் ரோட்டில் போய் நிற்பது எங்கள் வழக்கம். தோணியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, சேலை நிறம்தான் தெரியும். அதனால் தோணியில் போகிறவர்கள் என்ன சேலை கட்டப்போகிறாய் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் தோணியின் பின்பக்கம் நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வீசுவார். நான் முந்தானையை வீசுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பயணம்கூடத் தவறியதில்லை.

ஆல்பம் வந்த அடுத்த வருஷம் புரட்டாசியில் தவறியது. காலையில் கிளம்ப வேண்டிய தோணி மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப் போனது. பொன்னுருகக் காயும் வெயில். பச்சைச் சேலை என்று சொல்லியிருந்தேன், கட்டியும் விட்டேன். வாசலில் நின்று வெளியே பார்த்தேன். ஒரு தடவைதானே என்று தோன்றியது. உள்ளே போய் பப்பாளியை மசித்து முகத்தில் அப்பிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மாலத்தீவு போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“பச்ச சேலையத் தேடிக்கிட்டே போனேன். ஒனக்கு மேலுக்குச் சரியில்லையோன்னு மூணு நாளா ஒறக்கமில்ல.”

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. வெயில் அதிகம், முகம் கெட்டுப்போகும் என்று வரவில்லை என்றேன். அவர், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

திரும்பி வந்தவர் என்னை நிதானமாகப் பார்த்து, நல்லா இருக்க என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த வார்த்தை. வந்து என்ன பிரயோஜனம்?

அடுத்த பயணத்துக்குச் சேலை நிறம் கேட்கவில்லை. நீலம் கட்டுகிறேன் என்று நானாகச் சொன்னேன்.

“வேண்டாம்ளா. வெயிலு. நீ வீட்டுலயே இரி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அக்கறையாகத்தான் சொன்னார்.

ஆனாலும் போனேன். நீலச் சேலை, குடை கிடையாது. தோணி நகர்ந்ததும் மற்ற ஆட்கள் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர் வழக்கமான இடத்தில்தான் நின்றார், கடலைப் பார்த்து. துண்டு தோளிலேயே கிடந்தது. கை வலிக்கும்வரை முந்தானையை வீசினேன். அவர் திரும்பவேயில்லை. கரையில் தனக்கு யாரும் வரவில்லை என்று அவருக்குத் தெரியுமே.